முதல் ஸ்லைடு

ஜோசுவா ஒரு பொத்தானை அமுக்கினான். திரையின் மூலையிலிருந்து 'ஏ' என்ற எழுத்து தவளைபோலக் குதித்து வந்தது. பின்னாலேயே 'ல' குதித்தது. அதற்குப் பிறகு 'க்' உருண்டு வந்தது.

"ஏலக்காய்னு முழுசா வர்றதுக்குள்ள மணி அடிச்சிரும்டா," என்றாள் வித்யா.

"நல்லாருக்குல்ல?"

"தலை சுத்துது."

போடிநாயக்கனூரில் அவர்கள் படிக்கும் பள்ளியின் கணினி அறையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். தேனியில் மாவட்டப் போட்டி நடக்கப் போகிறது. 'எங்கள் ஊர் விளைச்சல்' என்பது தலைப்பு. இரண்டு பேர் சேர்ந்து, திரையில் ஸ்லைடுகள் காட்டிப் பேச வேண்டும். ஜெயித்தால் சென்னைக்குப் போகலாம்.

வித்யாவின் அம்மா வேலுத்தாய் தினமும் ஜீப்பில் போடிமெட்டுக்கு மேலே போய் ஏலக்காய் பறிக்கிறவர். ஜோசுவாவின் அப்பா ஞானதுரை கீழே கடைவீதியில் ஏலக்காய் வாங்கி விற்கிறவர். "நம்ம ரெண்டு பேரும் பேசாம வேற யாரு பேசுறது?" என்று ஜோசுவாதான் இருவர் பெயரையும் கொடுத்திருந்தான்.

கணினி ஆசிரியை கிரேஸ் உள்ளே வந்தார். நேராகக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"ரெண்டாவது ஸ்லைடைக் காட்டுங்க."

ஜோசுவா காட்டினான். ஆசிரியை கண்ணைச் சுருக்கினார். வித்யாவும் கடைசி பெஞ்சுக்கு ஓடிப் போய்ப் பார்த்தாள். திரை முழுக்க எறும்பு ஊர்வதுபோல எழுத்துகள். ஒன்றும் படிக்க முடியவில்லை.

"இவ்வளவையும் ஸ்லைடுலயே எழுதிட்டா, நீ எதுக்கு மேடையில நிக்கிற?" என்று கேட்டார் ஆசிரியை.

"அதைப் படிச்சுக் காட்டத்தான் டீச்சர்," என்றான் ஜோசுவா.

"வந்திருக்கிறவங்களுக்கும் படிக்கத் தெரியும்டா."

வித்யாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் விஷயம் புரிந்தது. அன்று மாலைக்குள் ஒரு ஸ்லைடுக்கு ஒரே ஒரு செய்தி என்று இருவரும் வெட்டிக் குறைத்தார்கள். எழுத்தைப் பெரிதாக்கினார்கள். தவளைகளை எல்லாம் துரத்தினார்கள். கடைசித் தவளையை அனுப்பும்போது ஜோசுவா கொஞ்சம் வருத்தப்பட்டான்.

அடுத்தது படங்கள்.

"இதெல்லாம் யாரு எடுத்த படம்?" என்றார் ஆசிரியை.

"கூகுள்ல எடுத்தோம் டீச்சர்."

"கூகுள் போடிமெட்டுக்கு ஏறிப் போய்ப் படம் பிடிச்சுச்சா?"

ஒரு படத்தின் நடுவில் ஏதோ கம்பெனியின் பெயர் மங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. அதை மறைக்க ஜோசுவா மேலே ஒரு பூவை ஒட்டி வைத்திருந்தான்.

போட்டி விதியை ஆசிரியை எடுத்துக் காட்டினார். படம் நீங்களே எடுத்ததாக இருக்க வேண்டும். இல்லையென்றால் திறந்த உரிமத்தில் கொடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். அதாவது, எடுத்தவரே 'யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், என் பெயரை மட்டும் சொன்னால் போதும்' என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட படங்கள் மட்டுமே இருக்கும் ஒரு தளத்தையும் அவர் திறந்து கொடுத்தார்.

வித்யா 'ஏலக்காய் அறுவடை' என்று தேடினாள். பச்சைச் செடிகள், காய்கள், மூட்டைகள் என்று படங்கள் வந்தன. கீழே நகர்த்திக்கொண்டே போனவள் சட்டென்று நின்றாள்.

செடிகளுக்கு நடுவில் ஒரு பெண் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். தலையில் துண்டு. மடியில் ஏலக்காய். இலைகளின் இடுக்கு வழியாக வெயில் முகத்தில் விழ, அவர் நிமிர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏய்," என்றான் ஜோசுவா. "இது உங்க அம்மா இல்ல?"

அம்மாதான். இப்போது இருப்பதைவிட வயது குறைவு. கன்னத்தில் கொஞ்சம் சதை இருந்தது. அதே மூக்குத்தி, அதே நெற்றித் தழும்பு. படத்துக்குக் கீழே 'மலையின் புன்னகை' என்று தலைப்பு. எடுத்தவர் நிரஞ்சன் என்று போட்டிருந்தது. யாரும் பயன்படுத்தலாம் என்ற குறிப்பும் இருந்தது. படத்தில் இருப்பவரைப் பற்றி 'ஒரு தொழிலாளி' என்று மட்டும் எழுதியிருந்தது.

"இதான் நம்ம முதல் ஸ்லைடு," என்றான் ஜோசுவா. "எழுத்தே வேணாம். படம் மட்டும். இது எங்க அம்மான்னு நீ சொல்லுவ. கை தட்டியே ஹால் இடிஞ்சிரும்."

வித்யாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு தாளில் அச்செடுத்து, புத்தகப் பையில் கசங்காமல் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

பொழுது சாயும் நேரத்தில் அம்மா ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார். விரல்கள் ஏலக்காய்க் கறையில் கறுத்திருந்தன. கால் கழுவும்போது, அட்டை கடித்த இடத்தில் இன்னும் ரத்தம் கசிந்தது.

"அம்மா, ஒன்னு காட்டுறேன். கண்ண மூடு."

"சோலி கெடக்குடி. வெரசாக் காட்டு."

வித்யா தாளை நீட்டினாள். அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினார். பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தாளை அப்படியே கவிழ்த்து அடுப்பு மேடையில் வைத்தார்.

"இது உனக்கு எங்க கெடச்சது?"

"இன்டர்நெட்ல. யாரு வேணாலும் எடுத்துக்கலாமாம். போட்டிக்கு இதத்தான் முதல்ல காட்டப் போறோம்."

அம்மா அரிசியைக் களையத் தொடங்கினார். வித்யா காத்திருந்தாள். களைந்த தண்ணீரை ஊற்றிவிட்டு அம்மா மெதுவாகச் சொன்னார்.

"அன்னைக்குத்தான் உனக்குக் காய்ச்ச ஏறுச்சு."

வித்யாவுக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் வந்த காய்ச்சலால் அப்படி ஆனது என்று அவளுக்குத் தெரியும். வேறு எதுவும் அம்மா சொன்னதில்லை.

"காலையில மேல போகையிலயே உனக்கு உடம்பு கொதிச்சது. பறிப்புச் சமயம். ஒருநா நின்னா மறுநா ஜீப்புல ஏத்த மாட்டாக. பக்கத்து வீட்டு இருளம்மா அக்காகிட்ட உன்னைய விட்டுட்டுப் போயிட்டேன். கையி காய் பறிக்குது, மனசு பூராம் கீழ கெடக்கு. அப்பத்தான் அந்தாளு கேமராவோட வந்தாரு. நல்ல மனுசந்தான். 'அக்கா, இங்க பாருங்க, சிரிங்க'ன்னாரு. கங்காணியும் பக்கத்துல நின்னு சிரிக்கச் சொன்னாரு. சிரிச்சேன்."

அரிசியை உலையில் போட்டுவிட்டு அம்மா தொடர்ந்தார்.

"சாயங்காலம் எறங்கி வந்து பாத்தா உனக்கு வலிப்பு. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். உசுரு தங்குச்சு, காது போச்சு. காலையிலயே கொண்டாந்திருந்தா ஆகியிருக்காதுன்னாரு டாக்டரு."

வித்யாவின் கை தானாக இடது காதுக்குப் போனது.

"அந்தப் படத்த போன வருசம் ஒரு கடை போர்டுல பாத்தேன். யாரு மூஞ்சியோ மாதிரி இருந்துச்சு. தலையக் குனிஞ்சுக்கிட்டு வந்துட்டேன்." அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தார். "உனக்குப் பரிசு கெடைக்கும்னா போட்டுக்கத்தா. நான் வேணாம்னு சொல்லல. ஆனா என்னைய வந்து பாக்கச் சொல்லாத."

மறுநாள் வித்யா கணினி முன்னால் உட்கார்ந்து முதல் ஸ்லைடை அழித்தாள்.

ஜோசுவா பதறிப் போனான். "உனக்கென்ன கிறுக்கா? அதான நம்மகிட்ட இருக்கிறதுலயே நல்ல படம்."

"அம்மாவுக்குப் பிடிக்கல."

"விதிப்படி எல்லாம் சரியாத்தான இருக்கு? எடுத்தவரு பேரையும் போட்டுட்டோம்."

"விதிப்படி சரிதான்."

"பெறகென்ன?"

"விதியில எங்க அம்மாவக் கேக்கணும்னு இல்ல. அதனால யாருமே கேக்கல."

ஜோசுவா கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். இரண்டு நாள் அவன் வித்யாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள், அம்மா சொன்னது முழுவதையும் வித்யா அவனிடம் சொன்னாள். அவள் கண்ணைத் துடைக்கும்போது அவன் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டான்.

"எங்க அப்பா செல்லுல கேமரா நல்லாருக்கும்," என்றான் கடைசியில். "சனிக்கிழமை மேல போவோமா?"

சனிக்கிழமை அம்மா போகும் ஜீப்பிலேயே இருவரும் தொற்றிக்கொண்டார்கள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஜோசுவா கண்ணை மூடிக்கொண்டான். மேலே குளிர் நடுக்கியது. கங்காணி தலையைச் சொறிந்தார். "மொதலாளி சேட்டன் வர்றதுக்குள்ள எடுத்துட்டு எறங்கிடணும். அவரு பாத்தா எனக்குத்தான் வசவு," என்றார்.

வித்யா ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டாள்.

"உங்களப் படம் எடுக்கலாமாக்கா? தேனியில எல்லார் முன்னாடியும் காட்டுவோம். பெறகு இன்டர்நெட்லயும் போடுவோம். யாரு வேணாலும் பாப்பாக. வேணாம்னா வேணாம்னு சொல்லிருங்க."

பக்கத்து வீட்டு இருளம்மாள் வேண்டாம் என்றார். "எம் மவன் திருப்பூர்ல கடையில மேனேசரா இருக்கான். நான் காயி பறிக்கிறது அங்க யாருக்கும் தெரியாது," என்றார். மாயக்காள் தலை சீவிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவர் திரும்பவே இல்லை. கருத்தம்மாள், "மூஞ்சி வேணாம்டி. முன்பல்லு ரெண்டு இல்ல. கைய வேணா எடுத்துக்க," என்றார்.

"அப்ப என் கையயும் எடுத்துக்க," என்றார் அம்மா.

மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் சரங்களிலிருந்து காய்களைக் கிள்ளும் கைகளை வித்யா எடுத்தாள். கறுத்த நகங்கள். அம்மாவின் பெருவிரலில் சுற்றிய அழுக்குத் துணி. வெளிச்சம் போதவில்லை. இரண்டு படங்கள் ஆடிப் போய்விட்டன. மீதி சுமாராக வந்தன. ஒவ்வொரு படத்தின் கீழும் கைக்கு உரியவரின் பெயர், படம் எடுத்தவர் பெயர் இரண்டையும் போட்டார்கள்.

"இப்ப நான் வந்து பாக்கலாமா?" என்று அம்மா கேட்டார்.

போட்டி நாளன்று அவர் வேலைக்குப் போகவில்லை. பெட்டியில் இருந்த மாம்பழ நிறச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு தேனிக்கு வந்தார். பெரிய மண்டபம். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, மகளைப் பார்த்துத் தலையசைத்தார்.

வித்யாவுக்கு முன்னால் பெரியகுளத்திலிருந்து வந்த ஜெகதீஷ் என்ற பையனின் அணி. அவர்களும் ஏலக்காயைப் பற்றித்தான் பேசினார்கள். விளக்குகள் அணைந்தன. முதல் ஸ்லைடு வந்தது.

அம்மாவின் முகம். சுவர் அளவுக்கு. சிரித்துக்கொண்டு.

கூட்டத்தில் 'ஆகா' என்று ஒரு சத்தம் எழுந்தது. மூலையில் 'படம்: நிரஞ்சன், திறந்த உரிமம்' என்று சரியாகப் போட்டிருந்தது. "எங்கள் மலையைப் போலவே எங்கள் தொழிலாளிகளும் எப்போதும் சிரித்த முகத்தோடு இருப்பவர்கள்," என்று ஜெகதீஷ் அழகாகத் தொடங்கினான்.

வித்யா கூட்டத்தைப் பார்த்தாள். அம்மாவுக்கு அடுத்த நாற்காலியில் இருந்த பெண் திரையைப் பார்த்தார். பிறகு திரும்பி அம்மாவைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். அம்மா முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு குனிந்தார்.

"சொல்லிருவோமா?" என்று ஜோசுவா வித்யாவின் வலது காதருகில் குசுகுசுத்தான். "மேடையேறினதும் அது எங்க அம்மான்னு சொல்லு. நடந்ததையும் சொல்லு. எல்லாரும் அழுதுருவாக. நமக்குத்தான் முதல் பரிசு."

அது நிஜம் என்று வித்யாவுக்குத் தெரிந்தது. நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது.

"சொன்னா எல்லாரும் திரும்பி அம்மாவப் பாப்பாக," என்றாள். "வேணாம்டா."

மேடையில் இருவரும் நன்றாகத்தான் பேசினார்கள். ஸ்லைடைப் பார்த்து யாரும் படிக்கவில்லை. ஜோசுவா ஒரு ஏலக்காயை உடைத்துக் காட்டியபோது முன்வரிசைக் குழந்தைகள் மோந்து பார்க்க எட்டினார்கள். கைகளின் படங்கள் வந்தபோது வித்யா பெயர்களைச் சொன்னாள். கைதட்டல் இருந்தது. ஹால் இடிந்து விழும் அளவுக்கு இல்லை.

நடுவர் ஒருவர் மைக்கை வாங்கினார்.

"நல்லாப் பேசினீங்க. ஆனா படமெல்லாம் மங்கலா இருக்கு. ஒரு முகம்கூட இல்லையே. முந்தின அணி போட்ட படத்தைப் பார்த்தீங்களா? தேடினா அப்படி நல்ல படங்கள் உங்களுக்கும் கிடைச்சிருக்குமே?"

வித்யா மூன்றாவது வரிசையைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

"கிடைச்சது சார். ஆனா நாங்க கேட்டவங்க கைய மட்டும் எடுத்துக்கங்கன்னு சொன்னாங்க."

நடுவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

ஜெகதீஷின் அணிக்கு முதல் பரிசு. வித்யாவுக்கும் ஜோசுவாவுக்கும் ஆறுதல் பரிசுகூட இல்லை. பங்கேற்றதற்கு ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்தார்கள். ஜோசுவாவின் சான்றிதழில் பெயர் 'யோசுவா' என்று இருந்தது.

தண்ணீர்க் குழாயடியில் ஜெகதீஷ் தனியாக நின்றுகொண்டிருந்தான். வித்யா அவனிடம் போனாள். கத்த வேண்டும் என்றுதான் போனாள். ஆனால் அவன் கையிலிருந்த கோப்பையை அவளிடம் நீட்டி, "பிடிச்சுப் பாக்குறியா? கனமாயிருக்கு," என்றான். அவளுக்குக் கத்த வரவில்லை.

"நீ முதல்ல போட்ட படத்துல இருக்கிறது எங்க அம்மா," என்றாள். "பேரு வேலுத்தாய்."

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சிரித்த முகம் என்று அவன் சொன்ன அந்த நாளைப் பற்றியும் சொன்னாள்.

"எனக்குத் தெரியாது," என்றான் ஜெகதீஷ். "எடுத்தவரு பேரு போட்டேனே."

"போட்ட. சரியாத்தான் போட்ட."

"எடுத்துடறேன். சென்னையில அந்தப் படம் இருக்காது."

ஆனால் அவனால் எடுக்க முடியவில்லை. மாவட்டத்தில் காட்டியதையே மாநிலத்திலும் காட்ட வேண்டும், ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்று விதி இருந்தது. கோப்பு அப்போதே சென்னைக்குப் போய்விட்டது. இதை அவன், தேனியில் வாங்கிக்கொண்ட ஜோசுவாவின் அப்பா எண்ணுக்கு அழைத்துச் சொன்னான். பேசும்போது அவன் குரல் உடைந்திருந்தது என்று ஜோசுவா சொன்னான்.

கிரேஸ் ஆசிரியையின் உதவியோடு வித்யா, படம் எடுத்த நிரஞ்சனுக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். அவர் மறுநாளே பதில் போட்டார். மிகவும் வருந்துவதாகவும், தன் பக்கத்திலிருந்து படத்தை நீக்கிவிட்டதாகவும் எழுதியிருந்தார். 'ஆனால் ஒருமுறை எல்லோருக்கும் கொடுத்துவிட்டால், எடுத்துக்கொண்டவர்களிடமிருந்து திரும்பக் கேட்க எனக்கு உரிமை இல்லை,' என்று முடித்திருந்தார்.

ஜோசுவா தேடிப் பார்த்தான். மசாலா விளம்பரம், சுற்றுலாத் தளம், ஏதோ ஒரு நாட்டுச் செய்தித்தாள் என்று எங்கும் அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். அவன் பக்கங்களை ஒவ்வொன்றாக மூடினான்.

"எல்லாருக்கும் எழுதுவோமா?" என்றான்.

"எழுதுவோம்," என்றாள் வித்யா. எத்தனை பேர் பதில் போடுவார்கள் என்று அவள் கேட்கவில்லை.

சென்னைப் போட்டி முடிந்த மாலை, ஜோசுவா செல்பேசியோடு வித்யாவின் தெருவுக்கு ஓடி வந்தான். ஜெகதீஷ் பேசினான். வித்யா வலது காதில் வைத்துக் கேட்டாள்.

"மாத்த விடல. ஆனா ஸ்லைட நகத்துறது என் கையிலதான இருந்துச்சு? முதல் ஸ்லைடு வந்த உடனே அடுத்த பொத்தான அமுக்கிட்டேன். கண்ண மூடித் தொறக்குற நேரம் தெரிஞ்சிருக்கும். அதுக்குமேல குறைக்க முடியல. உங்க அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு."

"எப்பவும் சிரிச்ச முகம்னு தொடங்குவியே?"

"அதையும் சொல்லல. படமில்லாம தொடங்கினதுல கொஞ்சம் திக்கிட்டேன். முதல் ஸ்லைட ஏன் தாண்டினன்னு கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"கேக்காம எடுத்த படம்னு மட்டும் சொன்னேன். வேற எதுவும் சொல்லல. மதிப்பெண்ணக் குறைச்சுட்டாங்க."

"பரிசு?"

"இல்ல."

செல்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வித்யா உள்ளே போனாள். அம்மா அப்போதுதான் மலையிலிருந்து வந்து, சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். ஜெகதீஷ் சொன்னதை அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். நிரஞ்சன் படத்தை நீக்கியதைச் சொன்னாள். அது இன்னும் மற்ற இடங்களில் இருப்பதையும் மறைக்கவில்லை.

அம்மா தன் கால்விரல்களை நீவிவிட்டுக்கொண்டார்.

"அவ்வளவு தூரம் போயி, அந்தப் பய பரிசு இல்லாமயா வந்தான்?"

"ஆமாம்மா."

"எந்த ஊரு அவனுக்கு?"

"பெரியகுளம்."

அம்மா எழுந்து, கொண்டையை அவிழ்த்து முடிந்துகொண்டார்.

"ஞாயித்துக்கெழம நான் வீட்லதான் இருப்பேன். கறி எடுத்து ஆக்குறேன். ஜோசுவாவோட அவனையும் சாப்பிடக் கூட்டியா," என்றார்.